16 ஓம் என்று எழுதியிருக்கும் பெட்டி

பழைய கிட்டார் கேபினெட்டின் (ஆம்ப்ளிஃபயரோடு, அதாவது ஆம்போடு, இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டியின்) பின்பக்கம் "16 ஓம்" என்று ஒரு தகடு இருக்கும். பெட்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளில் அது உண்மை. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் யார் பின்பலகையைக் கழற்றினார்கள், எந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டு எதைப் போட்டார்கள், எந்த வயரை எங்கே மாற்றிப் பற்றவைத்தார்கள் என்பதெல்லாம் தகட்டுக்குத் தெரியாது. ஆம்பின் கேபிளைச் செருகும் ஜாக்கில் மீட்டரை வைத்ததும் வரும் ஒற்றை எண்ணுக்கும் அது முழுசாகத் தெரியாது. பழைய பெட்டிகளைத் திறந்து சரிபார்க்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: மொத்த அளவு சரியாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே ஒரு ஸ்பீக்கர் மெல்ல வெந்துகொண்டிருக்கும்.

சமீபத்தில் வந்த பெட்டி இதற்கு நல்ல சாட்சி. எழுபதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்த, நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய கேபினெட். உள்ளே செலஸ்டியன் ஜி12எம், 25 வாட், பச்சை மூடி போட்டவை. கொண்டுவந்தவர் மேடையில் பல காலம் வாசித்துவரும் அண்ணன். வாசலிலேயே சொல்லிவிட்டார்: "குறைச்சு வச்சு வாசிச்சா ஒரு குறையும் இல்ல தம்பி. கூட்டினா கீழ இடது பக்கத்துல ஒரு கரகரப்பு. அந்த ஒண்ண மட்டும் மாத்திக் குடுத்துடு."

"மாத்திரலாம்ணே. அதுக்கு முன்னாடி நாலையும் தனித்தனியா அளந்துடறேன்" என்றேன்.

ஜாக்கில் வைத்துப் பார்த்தபோது மல்டிமீட்டர் காட்டியது 11.2 ஓம். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் திருப்தியாகிவிடுவார்கள். 16 ஓம் பெட்டி மீட்டரில் குறைவாகத்தானே காட்டும், சரிதான் என்று மூடிவிடுவார்கள். எனக்கு அது உறுத்தியது. ஏன் என்று சொல்வதற்கு முன் ஓம் கணக்கைக் கொஞ்சம் பேசவேண்டும்.

மல்டிமீட்டர் அளப்பது வாய்ஸ் காயிலில், அதாவது ஸ்பீக்கரின் காகிதக் கோனை ஆட்டும் சுருளில், சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் நேர்மின் (டிசி) தடையை. ஸ்பீக்கரில் எழுதியிருப்பது இம்பீடன்ஸ், அதாவது இசை ஓடும்போது அந்தக் காயில் ஆம்புக்குக் காட்டும் எதிர்ப்பு. அது சுருதிக்குச் சுருதி மாறும். ஜி12எம் போன்ற ஸ்பீக்கரில் 75 ஹெர்ட்ஸ் அருகே கோன் தன் இயல்பான அதிர்வில் ஆடும்போது இம்பீடன்ஸ் பெயரளவைப் போல, அதாவது ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓமைப் போல, பல மடங்காக எகிறும். பிறகு சட்டென்று இறங்கி, சில நூறு ஹெர்ட்ஸில் அடிமட்டத்தைத் தொடும். அங்கிருந்து காயிலின் இண்டக்டன்ஸ் காரணமாக மேல்நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே போகும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் அந்த முதல் மேடு இன்னும் மேல் சுருதிக்கு நகரும். இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள ஒன்றுக்கு ஒரே எண்ணைப் பெயராகக் கொடுக்கவேண்டும் என்பதால் ஐஇசி 60268-5 தரநிலை ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எங்கே இறங்கினாலும் பெயரளவின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது.

அந்த அடிமட்டம் காயிலின் நேர்மின் தடையை ஒட்டியே இருக்கும். இதனால் 16 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறத்தாழ 12 முதல் 13 ஓம் வரை காட்டும். 8 ஓம் என்றால் 6 முதல் 7. 4 ஓம் என்றால் 3க்குச் சற்று மேல். பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர்களில் 15 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதையும் 16 என்றே எடுத்துக்கொள்ளலாம், நடைமுறையில் வித்தியாசம் இல்லை.

நான்கும் ஒரே ஓமாக இருந்து, இரண்டிரண்டாகத் தொடரிலும் (சீரீஸ்) பக்கவாட்டிலும் (பேரலல்) இணைத்திருந்தால், மொத்தமும் அந்த ஒரு ஸ்பீக்கரின் அளவாகவே வரும். நான்கு 16 சேர்ந்து ஒரு 16. நேர்மின் தடையிலும் அதே கதைதான்: நான்கு 13 சேர்ந்து ஒரு 13. அப்படியிருக்க 11.2 எங்கிருந்து வந்தது? உறுத்தல் அதுதான்.

அளக்கும் விதத்தில் தவறு இருந்தால் இந்த உறுத்தலுக்கே அர்த்தம் இல்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பைக் கழற்றிவிட்டுத்தான் அளக்கவேண்டும். டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்று பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. அது இணைந்திருந்தால் மீட்டர் அதைத்தான் காட்டும், பெட்டியை அல்ல. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அப்போது காட்டும் 0.2 அல்லது 0.3 ஓமைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலும் கழிக்கவேண்டும். 16 ஓம் பெட்டியில் இதை விட்டுவிட்டாலும் பெரிய பாதகம் இல்லை. ஆனால் 1959-இன் ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ மாதிரி, நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களையும் பக்கவாட்டில் இணைத்து 2 ஓமுக்கு இறக்கிய பெட்டி என்றால் நிலைமை வேறு. அதன் நேர்மின் தடை 1.6 ஓம் அருகே இருக்கும். ஒரு ஸ்பீக்கர் செத்துப்போனால் 2.1. இடையில் இருப்பது அரை ஓம்தான். மீட்டர் வயரின் 0.3-ஐக் கழிக்காதவர் அங்கே எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியாது.

பெட்டி ஆறியிருக்கவும் வேண்டும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். பலமாக வாசித்து முடித்த கையோடு காயில் 50 டிகிரி சூடேறியிருந்தால், 13 ஓம் காயில் 15.5 என்று காட்டும். சூட்டில் அளந்துவிட்டு மறுநாள் ஆறியபின் அளந்து, "ஓம் மாறிக்கொண்டே இருக்கிறது" என்று பயந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பழுதே அல்ல.

இனி இணைப்பு. இரண்டு விதமாக இதைச் செய்வார்கள். முதல் வகை: இரண்டு ஸ்பீக்கர்களைத் தொடராகக் கோத்து ஒரு கிளை, மற்ற இரண்டைத் தொடராகக் கோத்து இன்னொரு கிளை, பிறகு இரு கிளைகளையும் பக்கவாட்டில் சேர்ப்பது. இரண்டாம் வகை: இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் சேர்த்து ஜோடியாக்கி, அந்த ஜோடிகளைத் தொடராகக் கோப்பது. எல்லாம் நன்றாக இருக்கும்வரை இரண்டுக்கும் மொத்த அளவு ஒன்றே, வாசிக்கும்போது காதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பழுது வரும்போது இரண்டும் முற்றிலும் வேறுவேறாக நடந்துகொள்ளும். பின்பலகையைக் கழற்றியதும் நான் முதலில் செய்வது வயர்களைப் பின்தொடர்ந்து, எது எந்த வகை என்று ஒரு தாளில் வரைவது. பழைய பெட்டியில் வயரின் நிறத்தை நம்பக்கூடாது. இடையில் புகுந்தவர் கையில் இருந்த நிறத்தைப் போட்டிருப்பார்.

ஒரு ஸ்பீக்கரின் காயில் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் அந்தக் கிளையே போய்விடும். இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் மௌனமாகும், மீட்டர் 26 ஓம் காட்டும். இரண்டும் செத்துவிட்டன என்று நினைத்து இரண்டையும் மாற்றத் தோன்றும். செத்தது ஒன்றுதான், கூட இருந்தது பிழைத்துத்தான் இருக்கிறது. இரண்டாம் வகையில் ஒரே ஸ்பீக்கர் மௌனமாகும், மீட்டர் 19.5 காட்டும். கேட்பதற்குப் பெரிய நஷ்டம் தெரியாது. ஆனால் செத்ததன் ஜோடி இப்போது மொத்த மின்னோட்டத்தையும் ஒண்டியாகச் சுமக்கிறது: மொத்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு அதன் தலையில், மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. பெட்டி வேலை செய்கிறதே என்று அப்படியே வாசித்தால் அடுத்துப் போவது அந்த ஸ்பீக்கர்தான்.

ஷார்ட் ஆனால் கணக்கு வேறு. முதல் வகையில் மொத்தம் 8.7, இரண்டாம் வகையில் 6.5. காயில் முழுவதுமாக ஷார்ட் ஆவது அபூர்வம். பெரும்பாலும் முனையில் பிரிந்து நிற்கும் ஒரு மெல்லிய வயர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது இரண்டு இழைகள் இரும்புச் சட்டத்தில் பட்டுக்கொண்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

என் பெட்டியில் 11.2. மேலே சொன்ன எந்த எண்ணோடும் அது ஒத்துப்போகவில்லை. அறுந்தாலும் ஷார்ட்டானாலும் வரும் எண் அல்ல அது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நான்கில் ஒன்று மற்ற மூன்றின் இனம் அல்ல.

தனித்தனியாக அளக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வயர்களைக் கழற்றாமல் ஸ்பீக்கரின் இரு முனைகளில் மீட்டரை வைத்தால், அந்த ஒரு ஸ்பீக்கரோடு மற்றவையும் சேர்ந்துதான் அளவு வரும். முதல் வகை இணைப்பில் நல்ல 13 ஓம் ஸ்பீக்கர் 9.75 என்று காட்டும், ஏனென்றால் மற்ற மூன்றும் தொடராக நின்று 39 ஓம் பாதையாகக் குறுக்கே வருகின்றன. இரண்டாம் வகையில் 6.5 காட்டும், ஜோடி பக்கவாட்டில் இருப்பதால். இந்த 6.5-ஐப் பார்த்துவிட்டு "உள்ளே இருப்பவை 8 ஓம் ஸ்பீக்கர்கள், பெட்டியில் தப்பாக எழுதியிருக்கிறார்கள்" என்று முடிவுகட்டுவது மிகச் சுலபம். அந்த முடிவை வைத்து ஆம்பின் சுவிட்சைத் திருப்புவதும் சுலபம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு வயரையாவது தூக்கிவிட்டுத்தான் அளக்கவேண்டும். சோல்டர் போட்ட முனை என்றால் சோம்பலாக இருக்கும்தான், ஆனாலும் வேறு வழி கிடையாது.

தூக்கி அளந்தேன். 12.9, 13.0, 13.1, 6.6.

அந்த 6.6 காட்டிய ஸ்பீக்கரின் காந்த மூடியில் மற்றவற்றைப் போலவே 15 ஓம் என்றுதான் ஸ்டிக்கர். சட்டம், காந்தம், தேதிக் குறி எல்லாம் அசல். ஆனால் கோனின் காகிதம் புதிதாக இருந்தது, ஓரத்தில் பசை வேறு நிறம். எப்போதோ ஒருவர் அதை ரீகோன் செய்திருக்கிறார், அதாவது கோனையும் காயிலையும் மாற்றியிருக்கிறார், கையில் கிடைத்த 8 ஓம் காயிலைப் போட்டு. வேலை என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. மூடியில் இருந்த எண்ணை மாற்றி எழுதவில்லை, அது ஒன்றுதான் குறை. பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் தேதிக் குறியை உருகி உருகிப் படிப்பார்கள். அமெரிக்க ஸ்பீக்கர்களில் 220 என்று தொடங்கினால் ஜென்சன் நிறுவனம், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 137 என்றால் சிடிஎஸ், அடுத்து வரும் எண்கள் வருடமும் வாரமும். அந்தக் குறிகள் சட்டத்தின் பிறப்பைச் சொல்கின்றன. உள்ளே சுற்றியிருக்கும் காயிலைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

இப்போது கணக்கைப் போடுங்கள். முதல் வகை இணைப்பு. ஒரு கிளையில் 8 + 16, அதாவது 24. இன்னொரு கிளையில் 32. சேர்ந்தால் 13.7 ஓம். ஆம்புக்கு இதில் எந்தப் புகாரும் இல்லை, 16-க்கு 13.7 என்பது அதற்குப் பொருட்டே அல்ல. ஆகவே ஆம்ப் பக்கம் எந்த அறிகுறியும் தெரியாது. சிக்கல் பெட்டிக்குள், சக்தி பங்கு பிரியும் இடத்தில். 24 ஓம் கிளை 32 ஓம் கிளையைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கிளைக்குள் 16 ஓம் ஸ்பீக்கர் 8 ஓமைவிட இரண்டு மடங்கு சக்தியை எடுத்துக்கொள்ளும். அண்ணனுடையது 100 வாட் ஆம்ப். மறு கிளையின் ஸ்பீக்கர்களுக்கு ஆளுக்கு 21 வாட், 8 ஓமுக்கு 19 வாட், அதோடு தொடரில் கோத்த 16 ஓம் ஸ்பீக்கருக்கு 38 வாட். 25 வாட்டுக்குச் செய்த ஸ்பீக்கர் அது.

கீழே இடது பக்கம் கரகரத்தது அந்த 38 வாட் வாங்கிக்கொண்டிருந்ததுதான். மீட்டரில் 13.1 காட்டும், எந்தக் குறையும் சொல்லமுடியாத, அசல் கோன் உள்ள ஸ்பீக்கர். கோனை இரு பக்கமும் விரலால் சமமாக அழுத்தி மெல்ல உள்ளே தள்ளினால் காயில் இடுக்கில் உரசும் சத்தம் கேட்டது. சூட்டில் காயிலின் வட்ட வடிவம் குலைந்துவிட்டது. அதைப் பழுதாக்கிய ஸ்பீக்கரோ அதன் மேலே உட்கார்ந்து நன்றாகவே பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னபடி "அந்த ஒண்ண மட்டும்" மாற்றியிருந்தால், புதிதாகப் போட்டதும் இதே இடத்தில் இதே 38 வாட்டை வாங்கிக்கொண்டு இதே வழியில் போயிருக்கும். பிறகு "அந்த மூலைக்கே ராசி இல்லை" என்பார்கள்.

இரண்டாம் வகை இணைப்பாக இருந்திருந்தால் அடிபட்டிருக்கக்கூடியவை வேறு. அங்கே 8-ம் 16-ம் பக்கவாட்டில் சேர்ந்து 5.3 ஓம் ஜோடியாகும், மற்ற ஜோடி 8 ஓம். சக்தி 27, 13, 30, 30 என்று பிரியும். அதாவது தவறான ஸ்பீக்கரோடு சம்பந்தமே இல்லாத எதிர் ஜோடி இரண்டும் மெல்லச் சூடாகும். இணைப்பை வரையாமல் பழுதைத் தேடக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

தொடரில் கோத்த ஸ்பீக்கர்கள் ஒரே ஓமாக மட்டும் இல்லாமல் ஒரே மாடலாகவும் இருப்பது நல்லது என்பது என் கருத்து. இம்பீடன்ஸ் மேடு ஒன்றுக்கு 55 ஹெர்ட்ஸிலும் இன்னொன்றுக்கு 75 ஹெர்ட்ஸிலும் இருந்தால், அந்தந்தச் சுருதியில் எதன் மேடு உயரமோ அது வோல்டேஜில் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்ளும். கலப்பு ஸ்பீக்கர் பெட்டிகள் அருமையாக ஒலிப்பது உண்டு, நானே ரசிப்பேன். ஆனால் கலப்பதானால் பக்கவாட்டில் கலப்பதுதான் ஸ்பீக்கர்களுக்கு நல்லது. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே வோல்டேஜ்.

இதுவரை சொன்னது நின்று பிடிபடும் பழுது. வந்து வந்து போகும் பழுதுதான் உண்மையில் பொறுமையைச் சோதிக்கும். முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியைப் பாருங்கள். ஆடி ஆடி அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறும், பெரும்பாலும் கோனில் நுழையும் இடத்திலோ முனையில் சோல்டர் முடியும் இடத்திலோ. பெட்டி சும்மா இருக்கும்போது அளந்தால் 13 ஓம் காட்டும். கோன் முன்னால் பாயும்போது மட்டும் அறும். மீட்டரை இணைத்துக்கொண்டு கோனை மெல்ல உள்ளே அழுத்திப் பார்க்கவேண்டும், ஆனால் அழுத்தும்போதே மீட்டரைப் பார்த்துப் பதறக்கூடாது. காந்தத்துக்குள் காயில் நகர்ந்தால் அதுவே மின்சாரம் உண்டாக்கும், மீட்டர் எண்கள் தாறுமாறாக ஓடும். அழுத்தி, அங்கேயே பிடித்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து படியுங்கள். பிறகு வேறு ஆழத்தில் பிடித்துப் படியுங்கள். பின்னல் கம்பியை மாற்றும்போது சோல்டர் பின்னலுக்குள் ஊறி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஊறிய இடம் விறைத்துப்போகும், விறைத்த இடம் சீக்கிரத்தில் மறுபடி முறியும்.

அழுத்திச் செருகும் முனைகள் தளர்ந்திருக்கும். இடுக்கியால் லேசாக நெருக்கிச் செருகினால் போதும். முனைப் பட்டையின் ரிவெட் துருவேறி ஆடுவதும் உண்டு, அதை விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரியும்.

ஜாக்கை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஸ்பீக்கர் ஒன்று அறுந்தால் ஆம்புக்கு இன்னும் ஏதோ ஒரு சுமை மிச்சம் இருக்கும், 32 ஓமோ 24 ஓமோ. ஜாக்கின் நுனித் தகடு (பிளக்கின் நுனியைத் தொடும் தகடு) பிடிவிட்டால் சுமையே இல்லை, முழுத் திறப்பு. டியூப் ஆம்புக்கு இதைவிடக் கெட்டது இல்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுமையைத் தன் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி டியூப்களுக்குக் காட்டுகிறது. இரண்டு இஎல்34 டியூப் போட்ட 50 வாட் ஆம்பில் 16 ஓம் சுமை டியூப்களுக்கு ஏறத்தாழ 3,400 ஓமாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், சுமை 32 ஆனதும் 6,800, 8 ஆனதும் 1,700. குறைந்தால் டியூப் வழியே மின்னோட்டம் கூடி டியூப் தேயும். கூடினால் வோல்டேஜ் வீச்சு கூடும். சுமை அறவே இல்லாதபோது ஓங்கி ஒரு ஸ்ட்ரோக் அடித்தால், டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் சாக்கெட்டில் பொறியாகத் தாவும், அல்லது சுற்றின் இன்சுலேஷனையே துளைத்துவிடும். ஃபெண்டர் தன் பழைய ஆம்புகளில் ஸ்பீக்கர் ஜாக்கில் எதையும் செருகாதபோது அது தானே ஷார்ட் ஆகும்படி வைத்தது இதற்காகத்தான். டியூப் ஆம்புக்குச் சிறிது நேர ஷார்ட், திறப்பைவிடப் பாதுகாப்பு. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு நேர் எதிர்: திறப்பைத் தாங்கும், ஓம் குறைந்தால் தாங்காது.

4 ஓம், 16 ஓம், ஸ்டீரியோ 8 ஓம் என்று சுவிட்ச் வைத்த பின்தகடு உள்ள பெட்டிகளில் ஜாக்குக்குள்ளேயே சிறு சிறு தொடர்புத் தகடுகள் இருக்கும். அவை கறுத்தால் சுவிட்ச் ஒன்று சொல்லும், மீட்டர் வேறொன்று சொல்லும். சுவிட்சின் எல்லா நிலைகளிலும், பிளக்கைச் செருகியபடியே, கேபிளின் மறுமுனையில் அளந்து பாருங்கள். கேபிளும் கிட்டார் கேபிளாக இருக்கக்கூடாது. பிளக்கைத் திறந்தால் தெரிந்துவிடும்: நடுவே ஒரு மெல்லிய இழையும் சுற்றிலும் வலையும் இருந்தால் கிட்டாருக்கானது, சமமான இரண்டு தடித்த வயர்கள் இருந்தால் ஸ்பீக்கருக்கானது.

மின்தடையோடு திருப்தியடையாமல் உண்மையான இம்பீடன்ஸையே பார்க்க விரும்பினால் பெரிய கருவி எதுவும் வேண்டாம். போனில் 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலி, ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப், பெட்டியோடு தொடரில் ஒரு 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். சத்தத்தைக் குறைவாக வைத்து, ரெசிஸ்டரின் குறுக்கேயும் பெட்டியின் குறுக்கேயும் ஏசி வோல்டேஜை அளக்கவேண்டும். பெட்டியின் வோல்டேஜை ரெசிஸ்டர் வோல்டேஜால் வகுத்து 10-ஆல் பெருக்கினால் அந்தச் சுருதியின் இம்பீடன்ஸ். ரெசிஸ்டரில் 0.50, பெட்டியில் 0.82 என்றால் 16.4 ஓம். சுருதியை 60-இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே அளந்து கோடு வரைந்தால், மேடு எழுந்து இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்டேஜைத் தவறாகக் காட்டும்.

பலகையை மூடுவதற்கு முன் முனைகளின் திசையையும் பார்த்துவிடவேண்டும். ஒரு ஸ்பீக்கர் தலைகீழாக இணைந்திருந்தால் மீட்டர் அதைச் சொல்லவே சொல்லாது, ஓம் துளியும் மாறாது, ஆனால் அடிநாதம் ஒன்றையொன்று கரைத்துச் சத்தம் மெலிந்துபோகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஜாக்கின் முனைகளில் ஒரு நொடி தொட்டுவிட்டு எடுத்தால் நான்கு கோன்களும் ஒரே பக்கம் நகரவேண்டும். எல்லாம் முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்பது இரண்டாம் பட்சம். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனையில் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அது பழுதல்ல, அந்த நாளில் அவர்கள் வைத்த வழக்கம். அவற்றை வேறு ஸ்பீக்கரோடு சேர்க்கும்போதுதான் நினைவில் வைக்கவேண்டும்.

அண்ணனுடைய பெட்டிக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் ரீகோனுக்குப் போயின: உரசியது ஒன்று, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த 8 ஓம் ஒன்று. இரண்டாவதற்கு ஏன் என்று அவர் கேட்டார். 21, 19, 38 என்று எழுதியிருந்த தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டையும் பண்ணிடு" என்றார். இரண்டுக்கும் 16 ஓம் காயில், இரண்டையும் பெட்டியில் ஏற்றுவதற்கு முன்பே தனியாக அளந்தேன், 12.8-ம் 13.0-ம். ஜாக்கில் இப்போது 13. ஜாக்கையும் புதிதாகப் போட்டேன், பழையதன் நுனித் தகடு சோர்ந்திருந்தது. 100 வாட் ஆம்பை அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்து, தாழ்ந்த ஈ கம்பியில் நீண்ட நேரம் வாசித்தார். நான் ஒவ்வொரு ஸ்பீக்கர் முன்னாலும் காதைக் கொடுத்துக் கேட்டேன். கரகரப்பு இல்லை.

பின்பலகையின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இணைப்பு முதல் வகை என்று ஒரு படம், நான்கு ஸ்பீக்கர்களின் ஆறிய நிலை அளவுகள், எந்த இரண்டு ரீகோன் ஆனவை, ஜாக்கில் வரவேண்டிய மொத்தம். ரீகோன் ஆன இரண்டின் மூடியிலும் காயிலின் ஓமைப் பேனாவால் எழுதிவிட்டேன்.